தம்பிஐயாவின் மெசின் வாள்

கரவெட்டியில் தம்பிஐயாவுக்கு ஒரு பெயர் இருந்தது. யுத்தம் நடந்த பொருளாதாரத் தடைக்காலத்தில், ஒரு போத்தல் பெற்றோலுக்கு ஊரே ஏங்கிக் கிடந்தபோது, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை ஓடவைத்தவர் என்ற பெயர். முப்பது வருடமாக அதை வைத்தே காலம் தள்ளினார். கலியாண வீட்டில் பந்தி பிந்தினால் அந்தக் கதை வரும். செத்தவீட்டில் ஐயர் பிந்தினாலும் வரும். கந்தோரில் கோப்புக் கட்டியே ஓய்வுபெற்ற மனிதருக்குச் சொல்ல வேறு என்னதான் இருக்கிறது, பாவம்.

ஆவணியில் நெல்லியடிப் பழைய இரும்புக் கடையில் ஒரு மெசின் வாளைக் கண்டார். பெற்றோலில் ஓடி மரம் அறுக்கிற சாமான். கைபிடி உடைந்து, சங்கிலி துருவேறிக் கிடந்தது. கடைக்காரர் தராசில் நிறுத்துத்தான் கொடுத்தார். அதைக் கொண்டுவந்து மனைவி பூரணத்தின் சாப்பாட்டு மேசையில் வைத்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் மேசையில் சாப்பிடவில்லை.

வாளுக்கு வேலையும் காத்திருந்தது. தம்பிஐயாவின் வளவு வேப்பமரத்தில் ஒரு கொப்பு, வேலி தாண்டித் தங்கை கனகாம்பிகை சமைக்கிற குசினிக்கு மேல் வெடித்துச் சாய்ந்து நின்றது. புருசன் சீவரத்தினம் செத்தபின் அவள் தனியே இருப்பவள்.

“மாரி மழைக்கு முந்தி வெட்ட வேணும் அண்ணை. நான் ஒரு ஆளைப் பிடிக்கிறன்.”

“ஆளோ? நான் இருக்கேக்கை ஆளோ? மண்ணெண்ணெயிலை மோட்டார் சைக்கிள் ஓட்டினவனுக்கு ஒரு கொப்பு பெரிசோ?”

கனகாம்பிகை திரும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் அவள் அப்படித்தான்.

தம்பிஐயா முதலில் பெயின்ற் அடித்தார். எஞ்சினைத் திறந்து பார்க்கும் முன்பே, கேற்றுக்கு அடித்து மிஞ்சிய பச்சையை இரண்டு பூச்சு. பிறகுதான் காபரேட்டரைக் கழற்றினார். உள்ளே குளவி கூடு கட்டியிருந்தது. பூரணத்தின் பல்துலக்கும் பிரஷ்ஷால் அதைத் தேய்த்துக் கழுவினார். தன்னுடைய பிரஷ்ஷைத் தொடவில்லை. சங்கிலிப் பற்களை உருண்டை அரத்தால் ஒவ்வொன்றாகத் தீட்டினார், அதை நன்றாகவே செய்தார், இல்லையென்று சொல்லக் கூடாது. எல்லாம் பூட்டியபின் மூன்று திருகாணிகள் மிஞ்சின. “தேவையில்லாமல் போட்டிருக்கிறாங்கள்” என்று சிரட்டைக்குள் போட்டார்.

புது பிளக் விற்ற கடைக்காரர், “எண்ணெயோடை கலக்கிறதுக்கு ஒயில் வேண்டாமோ ஐயா? இல்லாட்டி எஞ்சின் இறுகிப்போகும்” என்று கேட்டார்.

“தம்பி, நான் மண்ணெண்ணெயிலை மோட்டார் சைக்கிள் ஓட்டினவன்” என்றார் தம்பிஐயா. கடைக்காரர் மிச்சக் காசை எண்ணிக் கொடுத்தார்.

ஐப்பசி முதல் மழைக்கு மறுநாள் காலை கொப்பு இன்னும் ஒரு சாண் சாய்ந்திருந்தது. கனகாம்பிகை சட்டி பானைகளை முற்றத்துக்கு எடுத்து வைத்தாள். அயலட்டைச் சனம் வேலியோரம் கூடியது. தம்பிஐயா வாளின் தாங்கிக்குள் கானிலிருந்து மண்ணெண்ணெய் விட்டார், காபரேட்டரில் பெற்றோல் நாலு சொட்டு விட்டார், ஏணியில் ஏறினார். பதினான்கு தரம் கயிற்றை இழுத்தார். பதினைந்தாவது இழுப்பில் வாள் வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு கத்தத் தொடங்கியது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஒரு நிமிடம் அவர் உண்மையிலேயே சந்தோசமாக இருந்தார்.

வாள் பாதிக் கொப்புவரை போனது. பிறகு சத்தம் கிரீச்சென்று மாறி, எஞ்சின் இறுகி நின்றது. கொப்பு வெட்டுவாயை மூடி வாளைக் கவ்விக்கொண்டது. இழுத்துப் பார்த்தார், வரவில்லை. கொப்பு முறிகிற சத்தம் கேட்டதும் ஏறியதைவிட வேகமாக இறங்கினார். பச்சை வாள் குசினிக்கு மேல் தொங்கியது.

“பழைய மெசின்தானே” என்றார்.

கனகாம்பிகை ஏணியடியில் இருந்த மண்ணெண்ணெய்க் கானை எடுத்து மணந்து பார்த்தாள். “ஒயில் விட்டனீங்களோ?”

“மண்ணெண்ணெய்க்கு என்னத்துக்கு ஒயில்? தடைக்காலத்திலை நான்…”

“தடைக்காலத்திலை மண்ணெண்ணெய்க்குள்ளை தேங்காயெண்ணெய் கலந்து ஓட்டினது என்ரை மனிசன். கலந்து குடுத்தது நான். நீங்கள் பின்னுக்கு இருந்து போனனீங்கள். அண்ணையெண்டு இவ்வளவு காலமும் வாய் திறக்கேல்லை. இப்ப என்ரை குசினி போகப்போகுது.”

வேலியோரத்தில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தம்பிஐயா சண்டை பிடித்தாவது தப்பியிருப்பார். அவர் ஏணியைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கனகாம்பிகை போனை எடுத்து மரம் வெட்டுகிறவரைக் கூப்பிட்டாள். கொப்பில் ஒரு வாள் இறுகி நிற்கிறது, கவனமாக ஏற வேண்டும் என்றாள். எந்தக் கெட்டிக்காரன் திருத்திய வாள் என்று மறுமுனையில் அவர் கேட்டிருக்க வேண்டும்.

“உது அண்ணை திருத்தினது” என்றாள் அவள். “வேறை ஒருத்தரும் கை வைக்கேல்லை.”