தோற்றவர்களின் கார்

பிராக் நகரில் பெண்கள் டென்னிஸ் போட்டி வந்தால், தோற்றவர்களை விமான நிலையத்தில் கொண்டுபோய் விடுவது லுபோரின் வேலை. டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். பின்சீட்டில் விசும்பல் கேட்டால், மனைவி சுட்ட கசகசா பன்னை நீட்டி, "விடும்மா, அடுத்த வாரம் வேற ஊர்ல ஆட்டம் இருக்குல்ல" என்பார். எட்டு வருடமாக இதே பன், இதே வசனம்.

தோற்றவர்கள் ஏறும் கார் என்பதால், அதைக் கண்டாலே வீராங்கனைகளுக்கு ஆகாது. ஹோட்டல் வாசலில் அவர் நின்றால் பின்வாசல் வழியாக நழுவிவிடுவார்கள்.

"எங்க பொண்ணு ஆடி முடிக்கிற வரைக்கும் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்களேன்" என்று ஒரு பயிற்சியாளர் கும்பிடாத குறையாகக் கேட்டார்.

"நானாய்யா பந்தை வலையில அடிச்சேன்?" என்று லுபோர் சீறினார். சீறிவிட்டுத் தள்ளித்தான் நிறுத்தினார்.

இந்த ஆண்டு கோப்பையை வென்றவள் வெண்டுலா. வென்றவர்களை ஏற்றும் பெரிய கார் அன்று பார்த்து மக்கர் செய்ததால், கோப்பையும் கையுமாக லுபோரின் காரில் ஏறினாள். அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பழக்க தோஷத்தில் பன்னை நீட்டினார். வாயும் சும்மா இருக்கவில்லை.

"விடும்மா, அடுத்த வாரம் வேற ஊர்ல ஆட்டம் இருக்குல்ல."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அதாங்கய்யா!" என்றாள் வெண்டுலா. "ஜனவரியிலேர்ந்து பதினெட்டு ஊர். நாளான்னிக்கு மறுபடி முதல் சுற்று!" கோப்பையைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

லுபோருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இது அவருக்குத் தெரிந்த வேலை.

"இன்னொரு பன் இருக்கும்மா" என்றார்.