மஞ்சள் கோடும் ஈரத் துண்டும்

எங்கள் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்தும் அறைகளுக்குள் மின்கம்பி போகக் கூடாது. அதனால் ஒவ்வொரு அறைச் சுவரிலும் ஒரு தெர்மாமீட்டர் தொங்கும். ஃபோர்மேன் அண்ணாச்சி மணிக்கொருமுறை ஜன்னல் வழியாகப் பார்த்துக் குறித்துக்கொண்டு வருவார். ஆபீஸில் நான் அதைக் கணினியில் ஏற்றுவேன். சூடு எல்லை தாண்டிய அறையில் வேலையை நிறுத்தி, ஆட்களை வேப்பமரத்தடிக்கு அனுப்பிவிடுவார்கள்.

அறைக்கொரு கோடாக எல்லாம் ஒரே வரைபடத்தில் வரும். கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளை தட்டினால் ஒரு கோட்டைச் சேர்க்கலாம், எடுக்கலாம், பெயர் மாற்றலாம், நிறம் மாற்றலாம். பெட்டிகளைத் திறந்து மூடி மவுஸோடு அலைய வேண்டியதில்லை. அந்தச் சிக்கனம் எனக்குப் பிடிக்கும்.

பதினான்காம் ரூமில் அம்மா வேலை பார்க்கிறாள். திருத்தங்கலிலிருந்து இருவரும் ஒரே கம்பெனி பஸ்ஸில் போவோம்.

“எங்க ரூமுக்கு என்ன கலருட்டி போட்டிருக்க?”

“ஊதா.”

“துட்டி வீட்டுக்கு அழுகப் போறப்ப கட்டுற சேலை மாதிரி. மஞ்சள் போடு.”

அன்றே மஞ்சள் போட்டேன்.

கோடையில் அந்த மஞ்சள் கோடு மட்டும் மதியத்தில் எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது. மற்றவர்கள் மரத்தடிக்குப் போனபோது அம்மாவின் அறை மட்டும் வேலையைத் தொடர்ந்தது. ஆனால் சாயங்காலம் பஸ்ஸில் ஏறும்போது அம்மாவின் முகம் சிவந்திருந்தது. தலை சுற்றுகிறது என்று என் தோளில் சாய்ந்துகொண்டாள். மறுநாளும் அப்படியே. குளிர்ந்த அறையில் இருப்பவளுக்கு எப்படி வெயில் மயக்கம் வரும்?

எல்லாக் கோடுகளையும் எடுத்துவிட்டு, பதினான்கையும் பக்கத்துப் பதினைந்தையும் மட்டும் திரையில் வைத்தேன். ஒரே மாதிரிக் கூரை, ஒரே வெயில். காலையில் இரண்டும் கைகோத்துக்கொண்டு ஏறின. சாப்பாட்டு வேளைக்குப் பிறகு மஞ்சள் மட்டும் சறுக்கிவிட்டது. தினமும் இப்படித்தான்.

அன்று பஸ்ஸில் கேட்டேன்.

“சாப்பிட்ட பொறகு ரூமுல என்னம்மா செய்வீங்க?”

“என்ன செய்வோம்? கை கழுவி, துண்டை ஆணியில போட்டுட்டு உக்காருவோம்.”

“எந்த ஆணியில?”

“இருக்கதே ஒரு ஆணிதான?”

அதே அறையில் வேலை பார்க்கும் அத்தை முன்சீட்டிலிருந்து திரும்பினாள். “அந்தக் கண்ணாடிக் குச்சிக்கும் வேர்க்கும்ல, பாவம்!”

தெர்மாமீட்டர் தொங்கும் அதே ஆணியில் துண்டு; அதன் ஈர நுனி அடிக்குமிழ்மேல். ஈரம் காயக் காயக் குமிழ் குளிர்ந்திருக்கிறது, அறை வெந்திருக்கிறது.

மறுநாள் காலை அண்ணாச்சியிடம் சொன்னேன். “துண்டு தொங்குனத நானும் பாத்தேம்மா. துண்டுன்னுதான நெனச்சேன்!” என்று தலையில் கை வைத்தார். வேலை தொடங்கும் முன்பே அந்த அறையின் வெளிச்சுவரில் துண்டுக்கென்று தனி ஆணி வந்தது. அன்று மதியம் மஞ்சள் கோடு பதினைந்தோடு சேர்ந்து ஏறி எல்லையைத் தாண்டியது. அம்மாவும் மற்றவர்களும் மரத்தடிக்கு வந்தார்கள்.

பொய்யாய்க் குளிர்ந்த மதியங்களை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. அவற்றைத் தனிக் கோடாகப் பிரித்து, புள்ளிக்கோடாக்கி, ‘துண்டு’ என்று பெயர் வைத்தேன். பிறகு தண்ணீர்க் குடத்தோடு மரத்தடிக்குப் போய் அதைச் சொன்னேன். அம்மா இரண்டு செம்பு குடித்தாள். முகத்தில் சிவப்பு இல்லை.

அத்தைதான் கேட்டாள். “துண்டுக்கு என்ன கலரு குடுத்த?”

“சாம்பல்.”

“ஏட்டி, அது பச்சைத் துண்டு!”

ஆபீஸுக்குத் திரும்பியதும் பச்சையாக மாற்றினேன்.