இரண்டு கட்சிக்கும் ஒரே துண்டு

குமாரபாளையத்தில் நான் நெய்யும் பட்டறையில் பக்கத்துத் தறி செல்லமுத்துவுடையது. காலையில் தறியில் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை அரசியல்தான் பேசுவார்.

என்னிடம் ஆளுங்கட்சியைத் திட்டுவார். டீக்கடையில் எங்கள் பட்டறை முதலாளியின் மச்சானைப் பார்த்தால் அதே கட்சியைப் புகழ்வார். ஆள் ஆழம் பார்க்கிறார் என்று எனக்குச் சந்தேகம். அதனால் நான் வாயே திறப்பதில்லை.

இன்றைக்கு நேராகவே கேட்டுவிட்டார். "ஏனுங்க, உங்க ஓட்டு யாருக்குங்க?"

இவரை யார் கேட்கச் சொன்னார்கள்? குனிந்து, குறுக்கு நூல் பாய்ச்சும் நாடாவை வேகமாக ஓட்டினேன்.

தேர்தல் நேரம், கட்சித் துண்டுகள்தான் நெய்கிறோம். இந்த வாரம் துண்டின் இரு முனையிலும் கறுப்பு சிவப்புக் கோடு போட வேண்டும். போன வாரம் மூவர்ணம் போட்டோம். அதில் மிஞ்சிய நூல் பக்கத்திலேயே கிடந்தது. பதற்றத்தில் அதை எடுத்து நெய்துவிட்டேன்.

முதலாளி வந்து பார்த்தார். ஒரு முனை கறுப்பு சிவப்பு, மறுமுனை மூவர்ணம்.

"நீ எந்தக் கட்சிடா?"

செல்லமுத்து முந்திக்கொண்டார். "எனக்கு அப்பவே சந்தேகமுங்க. நான் இத்தனை பேசியும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கறாருங்க. இந்த மாதிரி ஆளை நம்பவே கூடாதுங்க."

முதலாளி அந்தத் துண்டைத் தறியிலிருந்து அறுத்து என் தோளிலேயே போட்டுவிட்டுப் போனார்.

நாளைக்கு எந்த முனையை முன்னால் தொங்கவிட்டு வேலைக்குப் போவது? யோசனை சொல்கிறவர்கள், முதலில் உங்கள் ஓட்டு யாருக்கு என்று சொல்லிவிட்டுச் சொல்லுங்கள்.