வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்

என் பிழையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் பிள்ளைகளே. எங்கள் தீவின் டாலிகஞ்ச் பகுதியில் நான் வேலை பார்க்கும் வீடியோ கடையில், புது வேலை வந்தால் நான் புது புராஜெக்ட் திறக்க மாட்டேன். பழைய கல்யாணப் புராஜெக்ட் ஒன்றை வேறு பெயரில் சேவ் செய்து, அதற்குள்ளேயே ஆரம்பித்துவிடுவேன். செட்டிங்ஸ் ஏற்கெனவே போட்டிருக்குமே என்ற எண்ணம்.

ரெஹானா என்ற பெண்ணின் கல்யாண வேலையில் அது என்னை மாட்டிவிட்டது. அவள் அத்தாவுக்குத் தொலைவில் கார் நிக்கோபார் தீவில் அரசாங்க வேலை. கடல் மோசமாகிக் கப்பல் ரத்தானதால் அவரால் வர முடியவில்லை. அங்கே ஒரு பச்சைத் துணிக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து, மகளுக்காக ஒரு நிமிடம் இறைவனிடம் வேண்டி துஆ செய்து, போனில் எடுத்து அனுப்பினார். பச்சையை நீக்கி, குடும்பம் வீட்டில் உட்கார்ந்திருக்கும் வீடியோவில், நடுவே விட்டிருந்த இடத்தில் அவரை உட்கார வைக்க வேண்டும். நிக்காஹ் அன்று மாலை மண்டபத் திரையில் ஓட வேண்டும்.

பச்சை ஒட்டாமல் வெட்டியெடுக்க, இரண்டு நாள் அவர் விரல்களைச் சுற்றி மாஸ்க் என்ற எல்லைக்கோடு வரைந்தேன். நிக்காஹ் அன்று காலையில் குரலைச் சேர்த்து ஓட்டினால், குரல் முடிந்து பன்னிரண்டு நொடி கழித்தும் வாய் அசைந்துகொண்டிருந்தது. போன் எடுத்தது நொடிக்கு முப்பது பிரேம், அதாவது முப்பது தனிப் படங்கள். என் பழைய புராஜெக்ட் இருபத்தைந்து. படத்தோடு படம் ஒட்டும் எங்கள் கம்பாசிட்டிங் மென்பொருள் பிரேமை எண்ணித்தான் ஓட்டும். ஒரு நிமிடத்தின் ஆயிரத்து எண்ணூறு பிரேம், எழுபத்திரண்டு நொடி ஓடியது.

முதலாளி காதர் பாய் எட்டிப் பார்த்தார். "ஆவாஸ, அவரு குரல, கட் பண்ணிட்டு ஒரு பாட்டப் போட்டு விடுப்பா. மண்டபத்துல எல்லாரும் பிரியாணியப் பாப்பாங்களா, உதட்டப் பாப்பாங்களா?"

எனக்கு மனம் ஒப்பவில்லை. ரெஹானாவுக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னேன். முதலாளி சொன்ன வழியையும் சொன்னேன்.

"அண்ணே, அத்தா மூஞ்சிய நான் தெனம் வீடியோ கால்ல பாக்குறேன். அவங்க துஆ எல்லார் காதுலயும் விழணும். அதுக்குத்தானே இவ்வளவும்?"

புராஜெக்டை முப்பதுக்கு மாற்றினேன். வாயும் குரலும் சேர்ந்தன. மாஸ்க் பிரேமோடு ஒட்டியிருந்ததால் கெடவில்லை. ஆனால் குடும்பத்தை நான் எடுத்தது இருபத்தைந்தில். இப்போது எல்லோரும் கோழி மாதிரி வெடுக்வெடுக்கென்று தலையாட்டினார்கள். அதை மட்டும் முப்பதாக மாற்றிப் பார்த்தேன், தத்தித் தத்தி வந்தது. முப்பது பிரேமில் மறுபடி எடுப்பதுதான் வழி.

பத்து மணிக்குக் கேமராவும் கையுமாக அவர்கள் வீட்டில் நின்றேன். "கல்யாண வீட்டு ஜோலியப் பாக்கவா, உங்க ஷூட்டிங்குக்கு சேல மாத்தவா?" என்று கேட்டபடியே ரெஹானாவின் அம்மா சேலை மாற்றப் போனார். பழைய படத்தைப் பார்த்து ஸ்டாண்டை அதே இடத்தில் வைத்தேன். முதல் தடவை சும்மா சிரிக்கச் சொல்லி எடுத்திருந்தேன். இந்தத் தடவை அந்தக் காலி இடத்தில் போனை வைத்து, அத்தாவின் குரலை ஓட விட்டேன். யாரும் சொல்லாமலே எல்லோரும் கையேந்தினார்கள்.

மாலையில் திரையில் அத்தா கையேந்தியபோது, பக்கத்திலிருந்த குடும்பமும் கூடவே ஏந்தியது. மண்டபத்தில் இருந்தவர்களும் ஏந்தினார்கள். ரெஹானா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

இப்போது ஒவ்வொரு வேலைக்கும் புது புராஜெக்ட்தான். ஒவ்வொரு கிளிப்பும் எத்தனை பிரேம், என்ன அளவு, எந்தத் திரையில் ஓடப்போகிறது என்று எழுதிக்கொண்ட பிறகே செட்டிங்ஸில் கை வைக்கிறேன். நீங்களும் எந்த வேலையானாலும் இப்படிக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். அப்படியும் தவறு நேர்ந்துவிட்டால், பாட்டைப் போட்டு மூடாதீர்கள். உரியவருக்கு உடனே போன் செய்யுங்கள்.