கியர் பாக்ஸை இறக்கச் சொன்னார்

என் பழைய காரில் கியர் மாற்றும்போதெல்லாம் கரகரவென்று சத்தம். அம்பத்தூரில் ஒரு மெக்கானிக் கதவைத் திறந்து உள்ளே குனிந்து பார்த்துவிட்டு, "கியர் பாக்ஸை இறக்கணும் சார். ஊட்டுக்கு எட்துகினு போய் இன்னா பண்ணப் போறீங்க? இங்கியே உட்டுட்டுப் போங்க" என்றார்.

அந்த அவசரம் எனக்குப் பிடிக்கவில்லை. வண்டியை மெதுவாக வீட்டுக்கே கொண்டுவந்தேன்.

வாசலில் நிறுத்திக் கிளட்சை மிதித்துப் பார்த்தேன். பெடல் பாதியிலேயே நின்றது. அடியில் கைவிட்டுத் துழாவினால், ஆயுத பூஜைக்கு நான் முன்கண்ணாடி ஓரம் வைத்த எலுமிச்சம்பழம், காய்ந்து கல்லாகிக் கிடந்தது! எடுத்ததும் கிளட்ச் முழுதாக இறங்கியது; கியர் சத்தமும் போயிற்று.

அது பிரேக்குக்கு அடியில் உருண்டிருந்தால்?

இப்போதெல்லாம் பூஜைக்கு மறுநாளே பழத்தை எடுத்துவிடுகிறேன். ஆனாலும் ஒரு சந்தேகம்: குனிந்து பார்த்தவர் கண்ணில் அந்தப் பழம் படவே இல்லையா?