வராத பிழைதிருத்தம்

சனிக்கிழமைதோறும் அடையாறில் என் வீட்டுக்கு வரும் தம்பியின் பேத்தி, போகும்போது ஒரு புத்தகத்தைச் சோபாவில் வீசிவிட்டுப் போவாள். வீசுவது என்றால் உண்மையாகவே வீசுவதுதான். அட்டையில் எப்போதும் ஒரு பெண், ஒரு முழு நிலா, பின்னால் வெளிறிப்போன ஓர் இளைஞன். அவன் செத்தும் சாகாத ரத்தக்காட்டேரி; முந்நூறு வயது, பார்க்கப் பதினேழு. அந்தப் பெண்ணுக்கு நிஜமாகவே பதினேழு. இருவரும் ஒரே வகுப்பில் படிப்பார்கள். முந்நூறு வயதுக்காரனுக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுத்த பள்ளி எது என்று எந்த ஆசிரியரும் சொல்வதில்லை. நான் ஓய்வு பெறும்வரை பிறப்பையும் இறப்பையும் பதிவு செய்கிற அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவள். செத்த ஒருவன் பள்ளியில் சேர வேண்டுமென்றால் முதலில் அவனுடைய இறப்புப் பதிவை ரத்து செய்தாக வேண்டும். அதற்கு நீதிமன்ற உத்தரவு வேண்டும். சைதாப்பேட்டைக் கோர்ட்டில் அது கிடைப்பதற்குள் கதாநாயகிக்கும் முந்நூறு வயது ஆகிவிடும்.

போன சனிக்கிழமை புத்தகம் கொஞ்சம் பலமாகவே வந்து விழுந்தது. "செம மொக்கை, அத்தைப்பாட்டி. இவ்ளோ பெரிய புக்கு. கடைசியில அவன் சாதா மனுஷனா மாறிடறான். ரெண்டு பேரும் ஒரே காலேஜ்ல சேர்ந்துடறாங்க. இதுக்கா நான் ராத்திரியெல்லாம் படிச்சேன்?" என்றாள். கண் கலங்கியிருந்தது. கூட்டிப்போக வந்த அவள் அம்மா, கதைக்குப் போய் அழுவாளா ஒருத்தி என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. மோசமாக முடிந்த ஒரு கதை எனக்கும் தெரியும்.

எனக்கு அப்போது பதினொரு வயது. மயிலாப்பூரில், குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. அப்பா, அம்மா, நான், தொட்டிலில் தம்பி, இவர்களோடு அத்தை. அப்பாவின் கடைசித் தங்கை. அவளுக்குச் சைதாப்பேட்டையில் ஒரு பையனை நிச்சயம் செய்திருந்தார்கள். தாம்பூலம் மாற்றியாகிவிட்டது, புடவைகள் எடுத்தாகிவிட்டது, சத்திரத்துக்கு முன்பணம்கூடக் கொடுத்தாகிவிட்டது. அத்தை அவரைப் பார்த்தது மூன்று முறை. முதல் இரண்டு முறையும் தரையைத்தான் அதிகம் பார்த்தாள். மூன்றாவது முறை தெப்பத்தின்போது. குளத்தின் எதிர்ப்படியில் அவர் நின்றுகொண்டிருந்தாராம். இவளைப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கலாமா வேண்டாமா என்று தயங்கி, கடைசியில் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டாராம். இதை அத்தை என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அந்தக் காலர் வரும்போது சிரிப்பாள்.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது அவர் மஞ்சள் காமாலையில் இறந்துபோனார்.

செய்தி வந்த காலையில் வீட்டில் எழுந்த முதல் கேள்வி, யார் யார் தலை முழுக வேண்டும் என்பது. சாவுச் செய்தி கேட்டால் உறவுக்காரர்கள் கட்டின துணியோடு தலையில் தண்ணீர் விட்டுக்கொள்ள வேண்டும். எந்த உறவுக்கு எத்தனை நாள் தீட்டு, யார் கோவிலுக்குப் போகக்கூடாது, யார் குளித்தால் மட்டும் போதும், எல்லாவற்றுக்கும் விதி உண்டு. அரசாங்க விதிகளைக் காட்டிலும் தெளிவாக எழுதப்பட்டவை அவை. நான் இரண்டையும் படித்தவள், சொல்கிறேன். ஆனால் நிச்சயமாகி, தாலி கட்டுவதற்கு முன்னால் செத்துப்போனவன் பெண்ணுக்கு என்ன உறவு என்பதில் அப்பாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சாஸ்திரிகளைக் கூட்டிவந்தார். அவர் ஊஞ்சலில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு, கோத்திரம் மாறவில்லை, அதனால் உறவில்லை, அதனால் தீட்டில்லை என்றார்.

"ஸ்நானமாவது?" என்று அம்மா கேட்டாள்.

"எதுக்கும்மா? அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம். நம்மாத்துக் கொழந்தை தப்பிச்சுதேன்னு நெனச்சுக்கோங்கோ."

கிணற்றடியில் அத்தை ஏற்கெனவே ஒரு வாளி தண்ணீர் இழுத்து வைத்திருந்தாள். தீர்ப்பைக் கேட்டதும் அந்தத் தண்ணீரைத் துளசிக்கு ஊற்றிவிட்டு உள்ளே வந்து கத்தரிக்காய் நறுக்க உட்கார்ந்தாள். அன்று வீட்டில் எண்ணெய்க் கத்தரிக்காய். தீட்டில்லாத வீட்டில் தாளிப்பதற்கு என்ன தடை? அதற்குப் பிறகு அவர் பேரை யாரும் எடுக்கவில்லை. புடவைகள் பீரோவின் மேல்தட்டுக்குப் போயின.

இரண்டு மூன்று வாரம் கழித்து, நாங்கள் வாங்கும் வாரப் பத்திரிகையில் ஒரு தொடர்கதை ஆரம்பித்தது. ஒரு பெண், அவளுக்கு நிச்சயமான இளைஞன் ஏரியில் மூழ்கிப்போகிறான், தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் அவன் எதிர்க்கரையில் வந்து நிற்கிறான், அவள் கண்ணுக்கு மட்டும் தெரிகிறான். இந்தக் காலத்துப் புத்தகமாக இருந்தால் அவன் கரையைக் கடந்து வந்து பள்ளியில் சேர்ந்திருப்பான். அந்தக் காலத்துப் பேய்களுக்கு அடக்கம் உண்டு, இது எதிர்க்கரையோடு நின்றுகொண்டது.

பத்திரிகை வியாழக்கிழமை மத்தியானம் வரும். அப்பா ஆபீசிலிருந்து வந்துதான் முதலில் பிரிக்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். அத்தை அதை மடிப்புக் கலையாமல் விரித்து, கூடத்து ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்கும் கேட்கும்படி முணுமுணுப்பாகப் படித்துவிட்டு, பழையபடி மடித்து வைத்துவிடுவாள். அப்பா சாயங்காலம் முதல் ஆளாகப் பிரித்துப் படித்துத் திருப்திப்படுவார். அடுத்த வாரம் இதழ் வந்ததும் பழைய இதழின் பின்னை நெம்பித் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் உருவி, வரிசையாக அடுக்கி வைப்பது வழக்கம். கதை முடிந்தபின் பைண்டிங்குக்குப் போகும். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படிப் பைண்டு செய்த கதைகள் இருந்தன. நடுநடுவே பாதி வெட்டுப்பட்ட பல்பொடி விளம்பரங்களோடு.

இந்த நேரத்தில்தான் தி.நகரிலிருந்து ஒரு ஜாதகம் வந்தது. பையனுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை, நல்ல இடம், நடந்தது எதையும் அவர்கள் பொருட்படுத்தவில்லை. பொருட்படுத்த என்ன இருக்கிறது, சாஸ்திரப்படி எதுவும் நடக்கவே இல்லையே. பெண் பார்க்க எப்போது வரலாம் என்று கேட்டு அனுப்பினார்கள். அப்பா அத்தையைக் கேட்டார். அத்தை தொட்டிலை ஆட்டிக்கொண்டே பதில் சொன்னாள்.

"இந்தக் கதை முடியட்டும் அண்ணா. அப்புறம் அவா வரட்டும்."

அப்பா சிரித்தார். ஆபீஸ் நண்பர்களிடம்கூடச் சொல்லிச் சிரித்திருப்பார். அம்மா மட்டும் சிரிக்காமல் அத்தையின் முகத்தைப் பார்த்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்பா ஏதேதோ காரணம் சொல்லி, அவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார்.

அத்தை என்னை அழைத்துக்கொண்டு சாயங்காலங்களில் குளத்துக்குப் போக ஆரம்பித்தாள். மாடவீதியில் பூ வாங்குவாள், எனக்குச் சுண்டல் வாங்கித் தருவாள், பிறகு படியில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் போய் நின்றுகொள்வாள். எதிர்ப்படியில் துணி துவைப்பவர்களும், பொரி போடும் குழந்தைகளும், ஏதோ சண்டையில் ஒருவரையொருவர் "இன்னா நைனா, இன்னா" என்று மிரட்டிக்கொண்டிருக்கும் ரிக்‌ஷாக்காரர்களும் இருப்பார்கள். எனக்குக் கதையில் வந்தவன்தான் இங்கேயும் வரப்போகிறான் என்ற பயம். பயமிருந்தாலும் பார்க்க வேண்டும் போலவும் இருக்கும்.

"தெரியறதா அத்தை?" என்பேன்.

"இன்னும் வெளிச்சம் இருக்கு," என்பாள். வெளிச்சம் போனதும், "அம்மா தேடுவா, வா," என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

கதை நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. எதிர்க்கரையில் இருப்பவன் ஒரு வாரம் கையசைத்தான். மறு வாரம் அவள் பேரைச் சொன்னான். அவன் போய்விடுவானா, இருந்துவிடுவானா என்பதுதான் கேள்வி. அத்தை சாப்பிடும்போதுகூட அதைப் பற்றி என்னிடம் பேசினாள். ஓர் ஊகம் சொல்வாள், உடனே தானே அதை மறுப்பாள். சாஸ்திரிகள் வந்துபோன நாளுக்குப் பிறகு அவள் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

கடைசி அத்தியாயம் வந்த வியாழக்கிழமை எனக்குப் பள்ளி விடுமுறை. அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தாள். எதிர்க்கரையில் யாரும் இல்லை, ஒருபோதும் இருந்ததும் இல்லை. சொத்துக்கு ஆசைப்பட்ட காரியஸ்தன் வேஷம் போட்டு நின்றிருக்கிறான். இரண்டு பத்தி முன்பு வெளியூரிலிருந்து வந்து இறங்கிய மாமா பிள்ளை அதைக் கண்டுபிடிக்கிறான். மூழ்கியவன் மூழ்கிய அன்றைக்கே செத்துவிட்டான், எலும்புகூட ஏரிக்கடியில் கிடைக்கிறது. மாமா பிள்ளை தாலி கட்டுகிறான். முற்றும். எல்லாம் ஒன்றரைப் பக்கத்துக்குள். மீதி அரைப் பக்கத்தில் தலைவலித் தைல விளம்பரம்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவன் பேரைச் சொன்னானே, காரியஸ்தனுக்குப் பேர் சொல்லும் குரல் எப்படி வந்தது, கையசைத்தபோது அவள் அடையாளம் கண்டுகொண்டாளே, அது என்ன கணக்கு என்று கத்தினேன். ஓட்டைகளைக் கண்டுபிடிக்கும் என் உத்தியோகம் அன்றே தொடங்கிவிட்டது. அத்தை பத்திரிகையை மடித்தாள். மடிப்பு இந்தத் தடவை சரியாக விழவில்லை; அவள் அதைத் திருத்தவும் இல்லை. எழுந்து பின்கட்டுக்குப் போனாள்.

நான் பின்னாலேயே போனேன். கிணற்றில் வாளி இறங்கும் சத்தம் கேட்டது. அத்தை கட்டியிருந்த புடவையோடு, ஜடையைக்கூட அவிழ்க்காமல், தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டாள். வெள்ளிக்கிழமையும் இல்லை, எண்ணெய் தேய்த்துக்கொள்ளவும் இல்லை. காலையில் குளித்தவள். கண்ட நேரத்தில் தலையை நனைத்தால் அம்மாவுக்குப் பிடிக்காது, சளி பிடிக்கும் என்று வீட்டையே இரண்டாக்கிவிடுவாள். அம்மா அடுக்களை வாசலில் வந்து நின்றாள். நான் திட்டுக்காகக் காத்திருந்தேன்.

அம்மா என்னைக் கையால் தடுத்து, தொடாதே என்பதுபோல் விலக்கி நிறுத்தினாள். பிறகு கிணற்றடிக்குப் போய் ராட்டினக் கயிற்றை வாங்கித் தானே தண்ணீர் இழுத்து, அத்தையின் தலையில் மெதுவாக ஊற்றினாள். அத்தை கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். "போதும் மன்னி," என்று அவள் சொன்ன பிறகும் அம்மா இன்னொரு வாளி ஊற்றினாள். இருவர் முகமும் நனைந்திருந்தது. கதை அம்மாவையும் இவ்வளவு பாதித்திருக்கிறதே என்று நினைத்தேன். அம்மா தொடர்கதையே படிக்கமாட்டாள் என்பது எனக்குத் தோன்றவில்லை.

சாயங்காலம் அப்பா வந்தார். கொடியில் ஈரப்புடவையைப் பார்த்து என்ன என்று கேட்டார். "கதை முடிஞ்சுடுத்து," என்றாள் அம்மா. அப்படியானால் தி.நகர்க்காரர்களை வரச் சொல்லலாமா என்று அவர் கேட்டார். சொல்லுங்கோ என்று அத்தையே உள்ளேயிருந்து பதில் சொன்னாள்.

நான் வேறு காரியத்தில் மும்முரமாக இருந்தேன். பத்திரிகை ஆசிரியருக்கு ஒரு கார்டு எழுதினேன். கடைசி அத்தியாயத்தில் பெரிய தவறு நேர்ந்திருக்கிறது, எதிர்க்கரையில் இருந்தவன் உண்மையில் அவன்தான், அடுத்த இதழில் பிழைதிருத்தம் வெளியிடவும். அந்தப் பத்திரிகையில் யாருடைய படமாவது மாறிப்போனாலோ, கோவிலின் பெயர் தப்பாக வந்தாலோ, மறு வாரம் ஒரு மூலையில் பிழைதிருத்தம் போடுவார்கள். அதனால் இதற்கும் போடுவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அத்தையும் கையெழுத்துப் போட்டால் வலுவாக இருக்கும் என்று கார்டை நீட்டினேன். அவள் படித்தாள். கன்னத்தில் ஈர மயிர் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அவர் போயிட்டார்டி," என்று கார்டைத் திருப்பிக் கொடுத்தாள். நான் என் பெயரை மட்டும் போட்டுத் தபால் பெட்டியில் சேர்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தி.நகர்க்காரர்கள் வந்தார்கள். பஜ்ஜியும் சொஜ்ஜியும் சாப்பிட்டார்கள். பீரோவின் மேல்தட்டிலிருந்து ஒரு புடவை இறங்கியது. அத்தை இந்தத் தடவை தரையைப் பார்க்கவில்லை, கேட்டதற்கெல்லாம் நிமிர்ந்து பதில் சொன்னாள். பெண் தைரியசாலி என்று அவர்களுக்குப் பிடித்துவிட்டது.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிவந்தேன். இதழை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினேன். புதிய தொடர்கதை ஒன்று ஆரம்பித்திருந்தது. ஒரு நீதிபதியின் குடும்பம். மூலைகளையெல்லாம் தேடினேன். அத்தை அடுக்களையில் அலமாரித் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பைண்டிங்குக்கென்று அடுக்கி வைத்திருந்த பக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் விரித்தாள். எதிர்க்கரையில் அவன் கையசைக்கிற படம் போட்ட பக்கமும் அதில் இருந்தது.

"பிழைதிருத்தம் வரலை அத்தை," என்றேன்.

"வராது," என்றாள் அத்தை. புளி ஜாடியைத் தூக்கி அந்தப் படத்தின்மேல் வைத்து, அது ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

கார்டு போய்ச் சேர நாளாகும் என்பது அத்தைக்குத் தெரியவில்லை என்று நினைத்தேன். அடுத்த வியாழக்கிழமையும் தேடினேன்.