சிவக்கொழுந்தரின் நல்ல தண்ணீர்

சிவக்கொழுந்தர் முதல் வாளித் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி, முகர்ந்து, ஒரு மிடறு குடித்து, "கற்கண்டு" என்று கிணற்றுக்கே சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கதை வேலிக்கு மேலால் வந்தது. தெருமுனை வீட்டு உதயகலா வெயிலைக் கொண்டு தண்ணீர் கழுவுகிறாளாம். எண்ணெய் மிதந்த கிணறு தெளிந்துவிட்டதாம்.

சாவகச்சேரிக்குக் கிட்ட அந்த ஒழுங்கையில் பெரும்பாலான கிணறுகள் உவர். கலியாணத் தேநீருக்கும் பிள்ளையார் அபிஷேகத்துக்கும் இவர் கிணற்றிலிருந்துதான் குடம் போகும். ஒரு சதம் வாங்கியதில்லை. வருபவர்கள் "அண்ணை, அள்ளட்டோ?" என்று கேட்கவேண்டும், அவ்வளவுதான். "ஓம்" சொல்ல, வரம் கொடுக்கிறவரைப்போல இரண்டு நொடி தாமதிப்பார். தன் சொந்தக் கிணற்றிலேயே குடித்து, இவரிடம் கேட்காமல் காலம் தள்ளிய ஒரே ஆள் பக்கத்து வளவு றஞ்சித்.

இப்போது அள்ள வருகிறவர்களின் வாயிலும் உதயகலாதான். "ஏழு குடம் வந்துது. ஏழும் உவளின்ரை கதைதான்" என்று பொருமியவர், நேரே பார்க்கப் போனார்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஆய்வுகூட வேலை உதயகலாவுக்கு. வாகனம் திருத்துகிற இடமொன்றின் கழிவெண்ணெய் இறங்கி, அவள் கிணறு பல வருடமாகப் பாழ். முற்றத்தில் வெள்ளைப் பூச்சுப் பூசிய கண்ணாடித் தகடுகள் சரிவாக நின்றன. அவற்றின்மேல் தண்ணீர் மெல்லிசாக வழிந்து, தொட்டியில் விழுந்து, திரும்ப மேலே ஏறியது.

"வெயில் பட்டால் இந்தப் பூச்சு எண்ணெயை முறிச்சுப்போடும், மாமா. பூச்சு கரையாது."

"அப்ப குடிக்கலாமோ?"

"இப்ப இல்லை. சோதனை முடியட்டும்."

"குடிக்கேலாத தண்ணிக்கோ இவ்வளவு திருவிழா?" என்றார். ஆனாலும் தகடுகளின் மினுக்கம் கண்ணை உறுத்தியது. தன் கிணற்றில் மினுங்குவதற்கு ஒன்றுமில்லையே!

மறுநாள் தன் கற்கண்டுத் தண்ணீரையே போத்தலில் நிரப்பிக்கொண்டு போனார். "றஞ்சித்தின்ரை கிணத்துத் தண்ணி, பிள்ளை. ஒருக்கால் பார்." அவள் கட்டாயம் ஏதாவது குறை சொல்லுவாள், பிறகு அது தன் தண்ணீரென்று ஒழுங்கைக்கே சொல்லிச் சிரிக்கலாம் என்பது திட்டம்.

நாலாம் நாள் அவள் தாளோடு வந்தாள். "எண்ணெய் கிடக்கு, மாமா. என்ரை கிணத்திலை இருந்த அதே எண்ணெய். மணத்திலை, ருசியிலை பிடிபடாது. மூண்டுதரம் பார்த்தன்."

"விசர்க்கதை! தேத்தண்ணி என்ன வடிவான நிறமா வருது!"

"றஞ்சித் அண்ணை வீட்டுத் தேத்தண்ணி உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

சிவக்கொழுந்தருக்குத் திடீரென்று இருமல் வந்தது. இருமி முடித்து, "அவனுக்குச் சொல்லிப்போடாதை" என்றார்.

"காலமையே சொல்லிப்போட்டன். குடிக்கிற தண்ணியெல்லோ!"

அவள் படலையைத் தாண்டவில்லை, அதற்குள் றஞ்சித் இரண்டு குடத்தோடு வந்து நின்றான்.

"என்ரை கிணறு பழுதாம், அண்ணை. கொண்டுபோய்ப் பார்க்கக் குடுத்தது நீங்களாமே! கூடப்பிறந்ததுகளும் உப்பிடி உதவி செய்யாதுகள். இனி என்ரை பிள்ளையளுக்கும் உங்கடை தண்ணிதான்."

"நில்லும். நான் அள்ளுறன்."

வாளி நிறைந்து மேலே வந்தது. றஞ்சித் குடத்தைச் சரித்துப் பிடித்தான். சிவக்கொழுந்தர் தண்ணீரை வாழையடியில் ஊற்றினார்.

"அண்ணை, குடம் இஞ்சை!"

"உமக்கு நான் ஒரு கதை சொல்லக் கிடக்கு, தம்பி."

"சொல்லுங்கோவன்."

"சொல்லுறன், சொல்லுறன்" என்றபடி அடுத்த வாளியையும் இழுத்து, றஞ்சித்தின் முகத்தைப் பார்க்காமல், வாழைக்கே ஊற்றினார்.